பேரங்காடிச் சரக்கு லாரி: ஏற்றுவது ஒருவர், ஓட்டுவது ஒருவர் – பொறுப்பு யாருக்கு?

டி.ஓ. தாளில் 42 பெட்டி என்று இருக்கிறது. கடையில் எண்ணிப் பார்த்தால் 40தான். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைத் திறக்கும் ஓட்டுநர், அந்த இரண்டு பெட்டிக்கான காசு பிடிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறார். கேட்டால் ஒரே பதில்: "லாரி உன் கையிலதானே இருந்துச்சு?"

சிங்கப்பூரில் பேரங்காடிகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரியை நீங்கள் ஓட்டினாலோ உங்கள் வீட்டில் யாராவது ஓட்டினாலோ இந்தப் பேச்சு உங்களுக்குப் புதிதாக இருக்காது. அதற்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

'பொறுப்பு' என்ற ஒரே சொல்லில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. சரக்கைச் சாலையில் பாதுகாப்பாகக் கொண்டுபோவது ஒன்று. அதில் ஓட்டுநருக்குப் பெரிய பங்கு உண்டு, தட்டிக்கழிக்க முடியாது. சரக்கு குறைந்தால் அல்லது உடைந்தால் அந்த நட்டம் யாருடைய பையிலிருந்து போகும் என்பது இன்னொன்று. அதில் முதலாளி நினைத்தபடியெல்லாம் செய்யச் சட்டம் விடவில்லை. முதல் பொறுப்பைக் காட்டி இரண்டாவதையும் ஓட்டுநர் தலையில் கட்டிவிடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வேலை என்பது ஓட்டுவது மட்டுமா?

இல்லை. பேரங்காடி லாரி ஓட்டுநரின் நாளில் ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் ஒரு பகுதிதான். ஜூ கூன், பெனோய், மண்டாய் பக்கம் உள்ள விநியோகக் கிடங்குகளிலிருந்து வண்டி கிளம்பும். காய்கறி, பழம் என்றால் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையமாக இருக்கலாம். கடை திறக்கும் நேரத்துக்குள் தட்டுகள் நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் பலருக்கு வேலை இருட்டிலேயே ஆரம்பித்துவிடும்.

அதிகபட்ச மொத்த எடை 5,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட லாரியை வீட்டு புளோக்கின் கீழே நிறுத்திவிட்டுப் போக முடியாது. கனரக வாகனங்களுக்கான நிறுத்துமிடத்தில் இடம் எடுத்து, அதற்கான சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஆக, வேலைக்குப் போவதற்கு முன்னால் லாரி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

கிடங்கில் வரிசையில் காத்திருப்பு. ஏற்றியதும் கடைகளுக்குப் பயணம். பல பேரங்காடிகள் வீவக புளோக்குகளின் தரைத்தளத்தில் இருக்கின்றன. சரக்கு இறக்கும் இடத்தில் ஏற்கனவே வேறொரு லாரி நிற்கும். மறுபடியும் காத்திருப்பு. பிறகு டெயில் கேட்டை இறக்கி, ஹேண்ட் ஜாக்கில் பேலட்டை இழுத்து, கடையின் பின்கதவு வரை தள்ளி, எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, காலிப் பேலட்டையும் கூண்டு வண்டிகளையும் திருப்பி ஏற்ற வேண்டும். அட்டெண்டன்ட் கூட இருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால் எல்லாம் ஒரே ஆள்.

இடம் இருக்கிறதே, இன்னும் ஏற்றலாமே?

லாரிக்குள் இடம் இருப்பதும், இன்னும் ஏற்றலாம் என்பதும் ஒன்றல்ல. அதிக எடைச் சிக்கல் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான் தொடங்குகிறது.

உங்கள் லாரிக்கு இரண்டு எடைகள் உண்டு. காலியாக இருக்கும்போது உள்ள எடை ஒன்று. சரக்கு, ஆட்கள் எல்லாம் சேர்ந்து தாண்டக்கூடாத அதிகபட்ச எடை இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது.

ஓர் உதாரணம். காலி எடை 3,000 கிலோகிராம், அதிகபட்சம் 5,000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மீதம் 2,000 கிலோகிராம். இப்போது தண்ணீர் போத்தல்களை ஏற்றுங்கள். ஒன்றரை லிட்டர் போத்தல் 12 கொண்ட ஒரு பெட்டி 18 கிலோகிராமுக்குக் குறையாது. ஒரு பேலட்டில் 60 பெட்டி அடுக்கினால் 1,080 கிலோகிராம். இரண்டு பேலட் ஏற்றினால் 2,160 கிலோகிராம். ஓட்டுநர், அட்டெண்டன்ட், ஹேண்ட் ஜாக் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை, வரம்பைத் தாண்டியாகிவிட்டது. ஆனால் கதவைத் திறந்து பார்த்தால் பாதி லாரி காலியாகத் தெரியும்!

உருளைக்கிழங்கு வறுவல், டிஷ்யூ தாள் என்றால் கதை தலைகீழ். கூரை முட்ட அடைத்தாலும் எடை வராது. அதனால்தான் 'கண்ணால் பார்த்து' எடையைச் சொல்வது பேரங்காடிச் சரக்கில் சரிப்பட்டு வராது. அரிசி, எண்ணெய், பானங்கள், சலவைத் திரவம் ஆகிய நான்கும் ஒரே பயணத்தில் வந்தால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். எடை விவரம் கிடங்கின் கணினியில் இருக்கும். கேட்பது உங்கள் உரிமை மட்டுமல்ல, உங்களுக்குக் காப்பும்கூட.

ஓட்டுநர் உரிமத்திலும் ஒரு குழப்பம் உண்டு. உரிமத்தின் வகையைத் தீர்மானிப்பது லாரியின் காலி எடை. காலி எடை 2,500 கிலோகிராம் வரை உள்ள லாரிக்கு 3ஆம் வகுப்பு உரிமம் போதும். அதற்கு மேல் 7,250 கிலோகிராம் வரை 4ஆம் வகுப்பு தேவை. அதையும் தாண்டினால் 5ஆம் வகுப்பு. "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பெரிய லாரியை எடுத்துட்டுப் போ" என்று யாராவது சொன்னால் முதலில் காலி எடையைப் பாருங்கள். தகுந்த உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் கை வைப்பார்கள்.

சரி, எடை கூடிப்போய்ச் சாலையில் நிறுத்தப்பட்டால் யார் மாட்டுவது? அதிகாரி முதலில் பேசுவது ஓட்டுநரிடம்தான். 'நான் ஏற்றவில்லை, கிடங்கில் ஏற்றினார்கள்' என்பது ஓட்டுநரை முழுதாக விடுவிக்காது. ஆனால் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வாகனத்தைப் பயன்படுத்துபவரோடு நின்றுவிடுவதில்லை. அப்படிப் பயன்படுத்த வைத்தவரையும் அனுமதித்தவரையும் அது தொடும். எனவே எடை அதிகம் என்று நீங்கள் சொன்னதற்கும், 'பரவாயில்லை, போ' என்று பதில் வந்ததற்கும் கைத்தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தியாவது இருக்கட்டும். வாய்வார்த்தையாகச் சொன்னதைப் பிறகு நிரூபிக்க முடியாது.

கட்டாத சரக்கு என்ன செய்யும்?

லாரி நின்றாலும் சரக்கு நிற்காது. நீங்கள் திடீரென பிரேக் போடும்போது, கட்டப்படாத ஒரு டன் தண்ணீர் முன்னோக்கி நகரும். விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் அது பக்கவாட்டில் நகரும். உயரமாக அடுக்கிய சரக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் லாரியும் அந்தப் பக்கமே சாயப் பார்க்கும். பிளாஸ்டிக் தாள் சுற்றியிருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது பெட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்துவைக்கும், பேலட்டை லாரியோடு சேர்த்துவைக்காது. அதற்குப் பட்டை வேண்டும், தடுப்புக் கம்பி வேண்டும்.

பேரங்காடி விநியோகத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஒரே பயணத்தில் நான்கைந்து கடைகள். கடைசிக் கடையின் சரக்கை முதலில், ஆக உள்ளே ஏற்றுவார்கள். காலையில் கிடங்கில் ஏற்றும்போது எடை சீராக இருக்கும். இரண்டாவது கடையில் இறக்கியபின் பார்த்தால் வலப்பக்கம் காலி, இடப்பக்கம் அரிசி மூட்டை. முதலில் கட்டிய பட்டையும் தளர்ந்திருக்கும். ஏற்றியவர் கிடங்கிலேயே இருந்துவிட்டார். இப்போது லாரியில் என்ன எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஒவ்வொரு கடையிலும் கதவைச் சாத்துமுன் மிச்சச் சரக்கை நகர்த்தி, மறுபடி கட்ட ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைப் பயண அட்டவணை கொடுக்கிறதா என்று கேட்டால் பல இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அட்டவணை போடுபவர்கள் ஓர் அதிகாலை லாரியில் கூடவே போய்வந்தால் இதை விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

வேகம் பற்றியும் சொல்லிவிடலாம். அதிகபட்ச எடை 3,500 கிலோகிராமுக்கு மேற்பட்ட லாரிகள் விரைவுச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. 3,501 முதல் 12,000 கிலோகிராம் வரையிலான லாரிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவது கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்படுகிறது. 2026 ஜனவரி 1 முதல் வேக வரம்பை மீறுவோருக்கான அபராதமும் குற்றப்புள்ளிகளும் கூடியிருக்கின்றன. 24 மாதத்தில் 24 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாக ரத்தாகும் நிலை வரும். நிறுவனத்துக்கு அது இன்னொரு ஓட்டுநரைத் தேடும் வேலை. உங்களுக்கு அது வேலையே போவது.

இந்த இடத்தில்தான் அட்டவணை உங்களைக் கடிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போக முடியாத நேரத்துக்குள் ஒரு கடைக்குப் போய்ச் சேரச் சொன்னால், அது வேகமாகப் போகச் சொல்வதற்குச் சமம். புள்ளிகள் மட்டும் உங்கள் பெயரில் ஏறும்.

குளிர்ச்சரக்கு கெட்டால்?

குளிரூட்டிய உணவு 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை. உறைந்த உணவு மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே. இறைச்சியும் மீனும் பாலும் கொண்டுபோகும் ஓட்டுநருக்கு இந்த எண்கள் மனப்பாடமாக இருக்கும்.

கதவை வீணாகத் திறந்துவைக்காமல் இருப்பது, குளிரூட்டியை நிறுத்தாமல் இருப்பது, வெப்பமானியைப் பார்ப்பது ஆகியவை உங்கள் பங்கு. குளிரூட்டியைப் பழுதுபார்ப்பது உங்கள் பங்கு அல்ல. கிடங்கில் ஏற்றும்போதே சரக்கு சூடாக இருந்தால் அதுவும் உங்கள் தவறு அல்ல. லாரியின் குளிர்பெட்டி காற்றைக் குளிராக வைத்திருக்கத்தான் செய்யப்பட்டது. ஏற்கனவே சூடேறிய ஒரு பேலட்டை வழியிலேயே குளிரவைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஆகவே ஏற்றும் நேரத்தில் வெப்பமானி என்ன காட்டியது என்று ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது. கடையில் 'கெட்டுப்போச்சு' என்று திருப்பி அனுப்பும்போது கேள்வி எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதை அந்தப் படம் காட்டிவிடும்.

சம்பளத்தில் பிடிக்கலாமா?

இப்போது அந்த இரண்டு பெட்டிக்கு வருவோம்.

வேலை நியமனச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பொருளோ பணமோ காணாமல்போனதற்கு அல்லது சேதமானதற்குச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அது அந்த ஊழியரின் நேரடித் தவறாக இருக்க வேண்டும். விசாரிக்க வேண்டும். அவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இதெல்லாம் நடந்த பிறகும் பிடிக்கும் தொகை அவரது ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதுவும் ஒரே தடவையில் பிடிப்பதாக இருக்க வேண்டும். மாதாமாதம் இழுத்துக்கொண்டே போக முடியாது.

மாதச் சம்பளம் 2,288 வெள்ளி என்றால் 25 விழுக்காடு 572 வெள்ளி. லாரியில் கெட்டுப்போன சரக்கின் மதிப்பு 5,000 வெள்ளியாக இருந்தாலும் அந்த வரம்பு நகராது.

"நஷ்டம் எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்புன்னு வேலைக்குச் சேரும்போதே கையெழுத்துப் போட்டுட்டேனே" என்பார்கள் சிலர். சட்டம் தரும் பாதுகாப்பைவிடக் குறைவாக ஓர் ஒப்பந்த நிபந்தனை இருந்தால் அந்த நிபந்தனை செல்லாது. வேறு வகைப் பிடித்தங்களுக்கு உங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் தேவைப்படும் இடங்களில், கொடுத்த சம்மதத்தை நீங்கள் பின்னர் மீட்டுக்கொள்ளவும் முடியும். அதற்காக உங்களைத் தண்டிக்கக்கூடாது.

'நேரடித் தவறு' என்பதை எப்படித் தீர்மானிப்பது? இங்கேதான் டி.ஓ. தாளின் அருமை தெரியும். கிடங்கில் ஏற்றும்போது நீங்கள் எண்ணினீர்களா? எண்ண விட்டார்களா? பேலட்டைச் சுற்றிக் கட்டி, லாரிக்கு சீல் போட்டு, "எல்லாம் சரி, கையெழுத்துப் போடு" என்று தாளை நீட்டினால் அதில் 42 பெட்டியைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுகிறீர்கள். எண்ணவில்லை என்றால் எண்ணவில்லை என்று கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். 'பேலட் 3, சீல் எண் பார்க்கப்பட்டது, பெட்டி எண்ணப்படவில்லை' என்ற ஒரு வரி போதும். கடையில் சீல் உடையாமல் இருந்ததைக் கடைக்காரர் முன்னால் காட்டி, அதையும் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். சீல் உடையாமல் வந்த லாரியில் இரண்டு பெட்டி குறைந்தால் கிடங்கில்தான் தேட வேண்டும்.

கடையில் யாரும் வந்து எண்ணாமல், "அங்க வெச்சுட்டுப் போங்கண்ணே, அப்புறம் பாத்துக்கிறோம்" என்று சொல்லும் சமயங்களும் உண்டு. அவசரத்தில் தலையாட்டிவிட்டுக் கிளம்புவது சுலபம். வைத்த இடத்தையும் பேலட்டுகளையும் நேரத்தோடு படம் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

காத்திருப்பு வேலை நேரமா?

ஆமாம். கிடங்கிலும் கடையிலும் வரிசையில் நின்ற நேரத்தை 'சும்மா உட்கார்ந்திருந்த நேரம்' என்று கழித்துவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் புகார். சட்டத்தின் விளக்கம் வேறு. நீங்கள் முதலாளியின் தேவைக்காகக் காத்திருந்து, உங்கள் நேரத்தையும் நடமாட்டத்தையும் உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம் எல்லாம் வேலை நேரம். ஓய்வுக்கும் சாப்பாட்டுக்கும் விட்ட இடைவேளை மட்டும்தான் சேராது. வரிசை எப்போது நகரும் என்று பார்த்துக்கொண்டு லாரியிலேயே இருக்க வேண்டும் என்றால் அது இடைவேளை ஆகாது.

வேலை நேரம், மிகைநேரம் பற்றிய விதிகள் உடலுழைப்பு ஊழியர்களில் அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளி வரை உள்ளோருக்குப் பொருந்தும். லாரி, வேன் ஓட்டுநர்கள் அந்தப் பிரிவில் வருகிறார்கள். 'நீ ஆபீஸ் ஸ்டாஃப் மாதிரி' என்று சொல்லி 2,600 வெள்ளி வரம்பைக் காட்டினால் ஏமாறாதீர்கள். அது உடலுழைப்பு அல்லாத வேலைகளுக்கு.

வாரத்துக்கு 44 மணி நேரம். அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு. மிகைநேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் பொதுவாக வேலை வாங்கக்கூடாது. மாதத்தில் மிகைநேரம் 72 மணி நேரம் வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் நிறுவனம் மனிதவள அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். தொடர்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை செய்யச் சொல்லக்கூடாது. வேலையின் தன்மையால் எட்டு மணி நேரம் வரை தொடர வேண்டியிருந்தால் சாப்பிடக் குறைந்தது 45 நிமிடம் தர வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. முதலாளி கேட்டுக்கொண்டு ஓய்வுநாளில் பாதி நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம்.

மிகைநேரக் கணக்கை நீங்களே போடலாம். அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம் வரும் (52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம், அதுதான் 2,288). அடிப்படைச் சம்பளமும் 2,288 வெள்ளி என்றால் மணிக்கு 12 வெள்ளி. மிகைநேரத்துக்கு மணிக்கு 18 வெள்ளி. தினமும் ஒரு மணி நேரக் காத்திருப்பு 'கழிந்து' போனால், 26 நாள் வேலையில் 468 வெள்ளி போகிறது என்று அர்த்தம். இரண்டு பெட்டி பிஸ்கட்டைவிட இது பெரிய தொகை. ஆனால் சம்பளச் சீட்டில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

'டிரிப் காசு' கொடுப்பதால் ஓவர்டைம் கிடையாது என்றும் சொல்வார்கள். பயணத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பதில் தப்பில்லை. சட்டப்படி வர வேண்டிய மிகைநேரத் தொகையைவிட அது குறைவாக இருந்தால் மீதியைக் கேட்கலாம்.

முதுகு பிடித்துக்கொண்டால், கால் நசுங்கினால்?

பேரங்காடிச் சரக்கில் காயங்கள் அதிகம் நேரக்கூடிய இடம் லாரியின் பின்பக்கம். டெயில் கேட் கீழே இறங்கும்போது கால் மாட்டுவது, சரிவான தரையில் கூண்டு வண்டி கவிழ்வது, மழையில் நனைந்த டெயில் கேட்டில் வழுக்குவது. முதுகுவலி மெல்ல மெல்ல வரும். 25 கிலோகிராம் அரிசி மூட்டையை ஒரு தடவை தூக்குவதற்கும், இடுப்பைத் திருப்பியபடி நாற்பது தடவை தூக்குவதற்கும் நிறைய வித்தியாசம்.

கூண்டு வண்டியைத் தள்ளுங்கள், இழுக்காதீர்கள். இழுக்கும்போது அது கவிழ்ந்தால் உங்கள் மேல்தான் விழும். கவிழ ஆரம்பித்துவிட்டால் பிடிக்கப் பார்க்காமல் விலகிவிடுங்கள். சரக்கு போனால் போகட்டும்.

காயம் ஏற்பட்டால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோரலாம். உடலுழைப்பு ஊழியர்கள் எல்லாருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலை காரணமாக ஏற்பட்ட காயம் என்றால் போதும். மருத்துவ விடுப்புக்கு முதல் 14 நாள் முழுச் சம்பளம், மருத்துவமனையில் சேர்த்திருந்தால் 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்குப் பிறகு ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும்.

முதுகில் 'கடக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் வலி. தைலம் தடவிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள் பலர். மூன்று வாரம் கழித்து நிமிர முடியாமல் போகும்போது, அது வேலையில் வந்த வலி என்று காட்டுவது கடினம். அன்றைக்கே மேற்பார்வையாளருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். மருத்துவரிடம் போனால் என்ன தூக்கும்போது ஆனது என்று சொல்லுங்கள், அவர் அதை எழுதிவைப்பார்.

உங்கள் முதலாளி யார்?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் லாரியில் பேரங்காடியின் பெயர் பெரிதாக எழுதியிருந்தாலும், உங்களுக்குச் சம்பளம் போடுவது ஒரு தளவாட நிறுவனமாக இருக்கலாம். அந்த நிறுவனமும் வேலையை இன்னொரு சிறிய நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கலாம். சம்பளம், மிகைநேரம், காப்புறுதி எல்லாவற்றுக்கும் நீங்கள் யாரோடு வேலை ஒப்பந்தம் செய்திருக்கிறீர்களோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். முக்கிய வேலை நிபந்தனைகளை வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். 2016 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். விவரமான சம்பளச் சீட்டும் அப்படித்தான். மிகைநேரம் எத்தனை மணி, எதற்காக எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

'நீங்க ஃப்ரீலான்ஸ், ஊழியர் இல்ல' என்று தாளில் எழுதியிருந்தால் அதோடு விஷயம் முடிந்துவிடாது. லாரி யாருடையது, நேரத்தையும் வழியையும் முடிவு செய்வது யார், லாபநட்டம் யாருக்கு என்று பார்த்துத்தான் ஊழியரா இல்லையா என்று தீர்மானிக்கப்படும். நிறுவனத்தின் லாரி, நிறுவனத்தின் அட்டவணை, நிறுவனத்தின் சீருடை, தினமும் அதே வேலை என்றால் தாளில் போட்ட பெயர் மட்டும் கைகொடுக்காது.

சொந்த வேனில் செயலி வழியாக வீடுகளுக்கு மளிகைச் சாமான் கொண்டுபோகிறவர்கள் நிலை வேறு. 2025 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த சட்டம், செயலி நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் வேலை செய்வோருக்கு வேலைக் காய இழப்பீட்டைக் கொண்டுவந்தது. மிகைநேர விதிகள் அவர்களுக்கு இல்லை.

உள்ளூர் ஓட்டுநர்களுக்கு 2023 மார்ச் 1 முதல் படிப்படியான சம்பள உயர்வு முறை இருக்கிறது. வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனம், சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளுமான ஓட்டுநர்களுக்கு அந்தக் குறைந்தபட்சத்தைத் தந்தாக வேண்டும். தொகை அவ்வப்போது உயர்த்தப்படுவதால் மனிதவள அமைச்சின் இணையப்பக்கத்தில் நடப்புத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 1 முதல் கனரக வாகன ஓட்டுநர் வேலைக்கு இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்தும் வேலை அனுமதிச் சீட்டில் ஆள் எடுக்கலாம். அவர்களுக்கு மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் தர வேண்டும். மேலே சொன்ன மிகைநேர விதியும் 25 விழுக்காட்டு வரம்பும் காய இழப்பீடும் அவர்களுக்கும் உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிக்கு இதை யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் முதலில் வாயை மூடிக்கொள்வது அவராகத்தான் இருக்கும்.

எங்கே கேட்பது, எவ்வளவு நாளுக்குள்?

முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். சரிவரவில்லை என்றால் சம்பளச் சச்சரவுகளைச் சமரசம் செய்துவைக்கும் முத்தரப்பு அமைப்பிடம் போகலாம். தொழிற்சங்க உறுப்பினர் என்றால் சங்கம் கூட வரும். சமரசம் முறிந்தால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை.

காலக்கெடு கறாரானது. இன்னமும் அதே இடத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் பிரச்சினை எழுந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலைநாளிலிருந்து ஆறு மாதம்தான். 'முதல்ல வேற வேலை தேடிக்கிறேன், அப்புறம் கேஸ் போடுறேன்' என்று எட்டு மாதம் கழித்துப் போகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? சம்பளச் சீட்டுகள், டி.ஓ. படங்கள், அனுப்பிய செய்திகள், கிடங்கிலும் கடையிலும் உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும். கடைசியில் சொன்னதைப் பல ஓட்டுநர்கள் டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்து எழுதுகிறார்கள். நிறுவனமும் இரண்டு ஆண்டுக்கான வேலைப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கேள்வி கேட்பார்கள், அப்போது உங்கள் நோட்டுப் புத்தகத்தில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும்.